கன்றின் சூடு கன்றிடமே

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜனவரி மாதம் பிறக்கும் கன்று, தாயின் வயிற்றுக்குள் 39 டிகிரிச் சூட்டில் இருந்திருக்கும். வந்து விழும் இடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி. கொட்டகைக் கதவைத் தாண்டிப் போனால் மைனஸ் 20. (இங்கே உள்ளவர்கள் ஃபாரன்ஹீட்டில் பேசுவார்கள், நான் செல்சியஸிலேயே எழுதுகிறேன்.) கிட்டத்தட்ட ஐம்பது டிகிரி வித்தியாசத்தை ஒரே நிமிடத்தில் கடந்து வருகிற அந்த உயிர், உடம்பு முழுக்க நனைந்து, ஆவி பறக்க வைக்கோலில் கிடக்கும். சில மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் நான்கு காலையும் ஊன்றி நின்று பாலுக்காக முட்டிக்கொண்டிருக்கும். நடுவில் நடப்பது என்ன என்பதுதான் என் வேலை. ஊரில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இங்கே ஒரு பால் பண்ணையில் கன்றுகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா ஒருமுறை வீடியோ அழைப்பில், வெளியே பனியில் வரிசையாக நிற்கும் கன்றுக் குடில்களைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "பச்சைக் கன்னை இந்தப் பனியில வெளிய விட்டிருக்கீங்களே, பாவமில்லையா கண்ணு? உள்ள கட்டி ஒரு ஹீட்டர் போடக்கூடாதா?" மாடு வளர்த்த யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். இங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்பார்கள். ஆனால் கன்றைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஹீட்டர் இல்லை. சூட்டைத் தயாரிப்பது கன்றேதான். அதற்குத் தீனி கொடுப்பதும், தயாரித்த சூடு வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்வதும்தான் மனிதன் செய்யக்கூடியது. இதைப் புரிந்துகொண்ட பண்ணையில் மைனஸ் 25-லும் கன்றுகள் கொழுகொழுவென்று வளர்கின்றன. புரிந்துகொள்ளாத பண்ணையில் மைனஸ் 2-லேயே இருமத் தொடங்கிவிடுகின்றன.

பெரிய மாட்டோடு கன்றை ஒப்பிடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். கறவை மாட்டின் முதல் வயிற்றில் இரவும் பகலும் தீவனம் நொதித்துக்கொண்டே இருக்கிறது. அந்த நொதிப்பிலிருந்தே ஏராளமான சூடு வரும். அதனால் பனிக்காலத்தில் கறவை மாடுகள் சுகமாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும், வெயில் காலத்தில்தான் தவிக்கும். பிறந்த கன்றுக்கு அந்த வயிறு பெயரளவுக்குத்தான் இருக்கிறது, இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. உடம்பும் சின்னது. சின்ன உடம்புக்கு எடையைப் பார்க்கும்போது தோலின் பரப்பு அதிகம், அத்தனை பரப்பிலிருந்தும் சூடு போகும். ஆகவே நல்ல ரோமம் போட்ட பெரிய மாட்டுக்குக் குளிரே தெரியாத 10 டிகிரியில், முதல் வாரத்துக் கன்று சூட்டுக்காகத் தன் சேமிப்பைச் செலவழிக்கத் தொடங்கிவிடும். கன்றுக்குக் குளிர் 10, 15 டிகிரியிலேயே ஆரம்பமாகிறது. பனி கொட்ட வேண்டும் என்று அவசியமில்லை.

அந்தச் சேமிப்பைச் சூடாக மாற்றக் கன்றுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த நடுக்கம். தசைகள் வெடவெடவென்று ஆடும்போது சூடு பிறக்கிறது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. பிறக்கும்போதே கன்றின் சிறுநீரகத்தைச் சுற்றியும் வேறு சில இடங்களிலும் பழுப்பு நிறக் கொழுப்பு கொஞ்சம் படிந்திருக்கும், உடல் எடையில் சுமார் 2 சதவீதம். சாதாரணக் கொழுப்பு எரிந்தால் அந்த ஆற்றல் உடம்பின் மற்ற வேலைகளுக்குப் போகும். பழுப்புக் கொழுப்பின் உயிரணுக்களில் உள்ள ஒரு தனிப் புரதம் அந்த வழியைத் திருப்பிவிட்டு, ஆற்றலை நேரடியாகச் சூடாக மாற்றிவிடுகிறது. குளிர் பட்டவுடன் நரம்பிலிருந்து கிளம்பும் நார்-அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அதைத் தூண்டுகிறது. கன்று நடுங்காமல் படுத்திருக்கும்போதும் உள்ளே இது எரிந்துகொண்டிருக்கும். கருவில் இருக்கும்போதே, இப்படி ஒரு இரவு வரும் என்று எடுத்துவைத்த கட்டுச்சோறு மாதிரி.

கட்டுச்சோறு ஒரு வேளைக்குத்தான். கடுங்குளிரில் பால் எதுவும் உள்ளே போகாவிட்டால் இந்தக் கொழுப்பு ஒரு நாளைக்குள் தீர்ந்துபோகும். பிறகு நடுக்கமும் நின்றுவிடும். நடுக்கம் நின்ற கன்றைப் பார்த்து, குளிர் விட்டுவிட்டது என்று நிம்மதியாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அங்கிருந்துதான் ஆபத்து.

முதல் எதிரி ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகிற சூடு மிக அதிகம். ரோமம் உலர்ந்திருந்தால் இழைகளுக்கு நடுவில் காற்று தங்கி நல்ல போர்வையாக இருக்கும், நனைந்தால் அந்தப் போர்வையே போய்விடும். தாய் நக்கிக்கொடுப்பது இதற்காகவும்தான். கரடுமுரடான நாக்கு ஈரத்தை வழித்தெடுக்கிறது, தோலில் ரத்த ஓட்டத்தைக் கிளப்புகிறது, கன்றை எழுந்திருக்கத் தூண்டுகிறது. பால் பண்ணைகளில் நோய்த் தொற்றுக்குப் பயந்து கன்றைச் சீக்கிரமே பிரித்துவிடுவார்கள். அப்படிப் பிரித்தால் அந்த நாக்கின் வேலை நம் கைக்கு வருகிறது.

துவட்டுவதை நான் எப்போதும் முதுகில் தொடங்குவேன். உலர்ந்த பழைய துண்டை எடுத்து, ரோமம் போகும் திசைக்கு எதிராக அழுத்தித் தேய்க்க வேண்டும். முதல் துண்டு நான்கைந்து இழுப்பிலேயே கனத்துவிடும். அதைப் போட்டுவிட்டு அடுத்தது, அதற்கடுத்தது. விலாவில் தேய்க்கும்போது உள்ளங்கைக்குக் கீழே இதயம் படபடவென்று அடிப்பது தெரியும். பிறகு தொடை, கால்கள், குளம்புகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு, கடைசியாகக் காது. காதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். காது நுனிக்கும் வால் நுனிக்கும் கடுங்குளிரில் ரத்தம் சரியாகப் போகாது, ஈரத்தோடு விட்டால் உறைந்து, சில நாளில் கருத்து விழுந்துவிடும். காது குட்டையாக நிற்கும் மாட்டைப் பார்த்தால், அது பிறந்த இரவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கடைசியில் சூடான காற்று ஊதும் கருவியை வைத்து ரோமத்தை அடிவரை உலர்த்துவோம். நன்றாக உலர்ந்த கன்றின் ரோமம் புசுபுசுவென்று நிமிர்ந்து நிற்கும். அது நிமிர்ந்தால்தான் துண்டைக் கீழே வைப்பேன். தொப்புள் கொடியை அயோடினில் முக்குவதும் இதே நேரத்தில்தான்.

அடுத்தது சீம்பால். நோய் எதிர்ப்புச் சக்திக்காகச் சீம்பால் கொடுக்க வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். மாட்டின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை, பிறந்த பிறகு குடல் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் குடல் கதவும் நேரம் ஆக ஆக மூடிக்கொண்டே வந்து, ஒரு நாளில் கிட்டத்தட்ட அடைத்துவிடும். இதெல்லாம் சரி. சீம்பாலே முதல் எரிபொருள் என்பதைத்தான் அதிகம் பேசுவதில்லை. சாதாரணப் பாலைவிட அதில் கொழுப்பு அதிகம். கட்டுச்சோறு தீர்வதற்குள் வந்து சேர வேண்டிய சாப்பாடு அதுதான். 40 கிலோ கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 4 லிட்டர் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். கறந்தவுடன், சீம்பாலில் கரைந்திருக்கும் திடப்பொருளைக் காட்டும் பிரிக்ஸ் மானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம், 22 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தரமான சீம்பால். கன்றின் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் கொடுக்க வேண்டும். ஆறிய பாலைக் கொடுத்தால், அதைச் சூடாக்கவே கன்று தன் சேமிப்பைச் செலவழிக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் கொதிநீரில் வைத்துவிடவும் கூடாது, 60 டிகிரியைத் தாண்டினால் எதிர்ப்புப் புரதங்கள் கெட்டுவிடும்.

கன்றின் வாயில் விரலை விட்டுப் பார்ப்பது இங்கே எனக்கு மூச்சு விடுவது போல் பழகிவிட்டது. வெதுவெதுப்பாக இருந்து விரலைச் சப்பினால் கவலையில்லை. வாய் சில்லென்று இருந்து, நாக்கு அசையாமல் கிடந்தால் உடனே ஆசனவாயில் வெப்பமானி வைக்க வேண்டும். கன்றின் இயல்பான சூடு 38.5-லிருந்து 39.5 வரை. 35-க்குக் கீழே போனால் உறிஞ்சும் உணர்வே மங்கிவிடும், 30-க்குக் கீழே போனால் மூச்சும் இதயத் துடிப்பும் தளர்ந்துவிடும். அந்த நிலையில் மேலே சாக்கைப் போர்த்திப் பயனில்லை. உள்ளே தயாராகாத சூட்டைப் போர்வை எப்படிப் பிடித்து வைக்கும்? வெளியிலிருந்து சூடு கொடுத்தே ஆக வேண்டிய இடம் இதுதான். தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு 38 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்துவரை கிடத்துவோம். தண்ணீர் ஆற ஆற மாற்றுவோம். வெப்பமானி நன்றாக ஏறிய பிறகு வெளியே எடுத்து, முழுக்க உலர்த்தி, சூடான சீம்பாலைக் கொடுப்போம். தானாகக் குடிக்காவிட்டால் குழாய் வழியாக. இப்படி மாட்டிக்கொள்பவை பெரும்பாலும் கஷ்டப்பட்டுப் பிறந்த கன்றுகளும் இரட்டைக் கன்றுகளும். நீண்ட நேரம் இழுத்துப் பிறந்த கன்றின் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும், எழுந்திருக்கத் தாமதமாகும், சூடு தயாரிக்கும் திறனும் குறைவாக இருக்கும். எந்த இரவிலும் முதல் கவனிப்பு இவற்றுக்குத்தான்.

இனி படுக்கை. ஒரு நாளில் முக்கால் பங்கு நேரம் கன்று படுத்தேதான் இருக்கும். கான்கிரீட்டில் படுத்தால் வயிறு வழியாகச் சூடு தரைக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே பனிக்காலத்தில் நீளமான கோதுமை வைக்கோலை ஆழமாகப் பரப்புகிறோம். விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளிக்காரர்கள் குளிர்காலத்தில் 13 கன்றுக் கொட்டகைகளை ஆராய்ந்து 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். என் தினசரி வேலையில் அதைவிட அதிகம் உதவிய ஆய்வு வேறில்லை. படுக்கையை மதிப்பிட அது சொல்லும் வழி எளிது: படுத்திருக்கும் கன்றின் கால்களைப் பார், அவ்வளவுதான். கால் முழுக்கத் தெரிந்தால் மதிப்பெண் 1. பாதி புதைந்திருந்தால் 2. வைக்கோலுக்குள் காலே தெரியாமல் இருந்தால் 3. மதிப்பெண் 3 வாங்கிய படுக்கைகளில் நுரையீரல் நோய் குறைவாக இருந்தது. கன்றைச் சுற்றியுள்ள வைக்கோலுக்குள் அதன் சூட்டிலேயே வெதுவெதுப்பான காற்று தேங்கிவிடுகிறது. கன்று முகத்தை விலாவோடு மடக்கிச் சுருண்டு படுக்கும்போது, அது மூச்சுவிடும் காற்றும் அதற்குள்ளேயே போகும். மரத்தூளில் கன்று இப்படிப் புதைய முடியாது. வெயில் காலத்தில் மரத்தூள் நல்லது, பனிக்காலத்தில் அதை நம்பக் கூடாது.

மேலே பார்த்தால் பொன்னிறமாக இருக்கும் வைக்கோல் அடியில் மூத்திரத்தில் ஊறிக் கிடக்கலாம். அதற்கு ஒரே சோதனை, படுக்கையில் முட்டி போட்டு இருபது எண்ணுவதுதான். எழுந்திருக்கும்போது பேண்ட் நனைந்திருந்தால் அந்தக் கன்றும் ஈரத்தில்தான் படுத்திருக்கிறது என்று அர்த்தம், வைக்கோல் போட்டே ஆக வேண்டும். முதலாளி என்ன கணக்குச் சொன்னாலும் வைக்கோலில் மிச்சம் பிடிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அம்மாவின் கேள்விக்கு நேரடிப் பதில் காற்றில் இருக்கிறது. குளிருக்குப் பயந்து கொட்டகையை இறுக மூடினால் என்ன ஆகும்? கன்றுகளின் மூச்சிலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் கிளம்பும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கூரையில் படிந்து, துளித்துளியாகக் கன்றின் மேலேயே சொட்டும். அம்மோனியா நெடி ஏறி, மூச்சுக்குழாயின் உட்சவ்வை அரிக்கும். கிருமிகள் காற்றில் பெருகும். உள்ளே நுழையும் மனிதனுக்கு இதமாக இருக்கும், கன்றுக்கு நிமோனியா வரும். குளிரோடு கன்றால் போராட முடியும், கெட்ட காற்றோடு முடியாது. அதற்காக எல்லாக் கதவையும் திறந்துவிட்டு வாடைக்காற்றைக் கன்றின் மேல் அடிக்க விடவும் கூடாது. நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் காற்று பட்டாலே ரோமத்துக்குள் தங்கியிருக்கும் சூடான காற்று கலைந்துவிடும். காற்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும், கன்று இருக்கும் உயரத்தில் அசைவு தெரியக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிப்பதுதான் கொட்டகை கட்டுவதில் கஷ்டமான பகுதி. இங்கே பல கொட்டகைகளில் கூரைக்குக் கீழே நீளமான துணிக்குழாய் ஓடும். சுவரிலுள்ள விசிறி வெளிக்காற்றை அதற்குள் தள்ள, குழாயின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் காற்று பிரிந்து, கன்றுகளை அடையும்போது வேகம் தணிந்துவிடும்.

வெளியே நிற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குடில்கள் இதையே மின்சாரம் இல்லாமல் செய்கின்றன. மூன்று பக்கமும் கூரையும் காற்றை மறைக்கும். வாயைத் தெற்கே திருப்பி வைத்தால் பனிக்கால வெயில் உள்ளே விழும், வடமேற்கிலிருந்து வரும் ஊதல் முதுகில் மோதிப் போய்விடும். உள்ளே ஆழமாக வைக்கோல். ஒவ்வொரு கன்றுக்கும் தன் காற்று, தன் படுக்கை. அம்மா பார்த்துப் பதறியது இந்தக் குடில்களைத்தான். கன்று மூக்கை வெளியே நீட்டிப் பனியை முகர்ந்துவிட்டுத் திரும்ப உள்ளே போய் வைக்கோலில் புதைந்துகொள்ளும்.

எந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. 2019 ஜனவரி கடைசியில் வடதுருவக் காற்று இந்தப் பக்கம் இறங்கியபோது, பக்கத்து மாநிலமான இல்லினாய்சின் மவுண்ட் கேரலில் மைனஸ் 38.9 டிகிரி பதிவானது, அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை. அப்படிப்பட்ட இரவுகளில் பிறக்கும் கன்றை நேராகக் குடிலுக்குக் கொண்டுபோவது கொடுமை. முழுக்க உலர்ந்து, வயிறு நிறையும் வரை சூடான அறையில் வைத்திருந்துதான் மாற்ற வேண்டும்.

தீனிக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கன்று இளைத்துப்போவது இங்கேதான். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2001-ல் வெளியிட்ட அட்டவணை ஒன்று எங்கள் பால் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மூன்று வாரத்துக்குட்பட்ட கன்று 20 டிகிரியில் உயிரைத் தக்கவைத்துக்கொள்ளச் செலவழிக்கும் ஆற்றலோடு ஒப்பிட்டால், பூஜ்யத்தில் பாதிக்கும் மேல் கூடுதலாக வேண்டும். மைனஸ் 20-ல் இரண்டு மடங்கு. வளர்வதற்கு வேண்டியது இதில் சேராது. ஆகவே வெயில் காலத்தில் கொடுத்த அதே அளவுப் பாலைப் பனிக்காலத்திலும் கொடுத்தால், கன்று அத்தனையையும் சூட்டுக்கே எரித்துவிட்டு வெறும் எலும்பாக நிற்கும். இரண்டு வேளைப் பாலை மூன்று வேளையாக்குவதுதான் நல்ல வழி. இரவு வேளை தாமதமாக இருப்பது நல்லது, விடியும் முன் வரும் கடுங்குளிரைத் தாண்ட அது உதவும். பால்பவுடர் கலக்கும் பண்ணைகளில் கொழுப்பு அதிகமுள்ளதாக மாற்றுவார்கள். பாலுக்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் தர வேண்டும், கொஞ்ச நேரத்தில் வாளியில் உறைந்துவிடும் என்பதால் சூடு இருக்கும்போதே குடிக்கவைத்துவிட வேண்டும். தண்ணீர் குடிக்காத கன்று அடர்தீவனம் தின்னாது, தீவனம் தின்னாத கன்றுக்கு அந்த முதல் வயிறு வளராது.

செலவைக் காட்டித் தயங்குகிற பண்ணைக்காரர்களுக்கு நான் சொல்வது கார்னெல் பல்கலைக்கழகத்தின் 2012 ஆய்வு. பால்குடி மறப்பதற்கு முன் கன்றின் தினசரி எடை ஏற்றம் ஒரு கிலோ கூடினால், அது வளர்ந்து போடும் முதல் ஈற்றில் 850 கிலோ பால் கூடுதலாக வருகிறது என்று அவர்களுடைய மந்தையின் கணக்கு காட்டியது. பனியில் எரிந்துபோன ஒவ்வொரு கிராமும் இரண்டு வருடம் கழித்துக் கறவை வாளியில் குறையும்.

கன்றின் உடம்பில் போர்த்திக் கட்டும் ஜாக்கெட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முதல் மூன்று நான்கு வாரம் வரை நல்லது. உலர்ந்த கன்றுக்கு மட்டும் போட வேண்டும், ஈரக் கன்றுக்குப் போட்டால் ஈரத்தைக் கட்டிப்போட்ட மாதிரி. தினமும் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும், வியர்த்திருந்தால் கழற்றிவிட வேண்டும். ஒரு கன்றுக்குப் போட்டதைத் துவைக்காமல் அடுத்ததற்குப் போடக் கூடாது. சூட்டு விளக்கு மட்டும் எனக்குப் பிடிக்காது. வைக்கோலுக்கு மேல் தொங்கும் விளக்கு அறுந்து விழுந்து எரிந்த கொட்டகைகளின் கதை இந்த மாநிலத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம் தமிழில் எழுத ஒரு காரணம் உண்டு. உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அங்கேயும் கன்றுகள் பிறக்கின்றன. ஓசூர்ப் பக்கம் மார்கழி விடியலில் 15 டிகிரிக்குக் கீழே போவதும் உண்டு. நமக்கு ஒரு போர்வையோடு முடிகிற அந்தக் குளிர், நனைந்து கிடக்கும் பச்சைக் கன்றுக்கு உண்மையான குளிர். சமவெளியில் அதிகம் இருக்கும் ஜெர்சிக் கலப்பினக் கன்று இங்கே உள்ள ஹோல்ஸ்டீன் கன்றைவிட மிகச் சின்னது, சூட்டை இன்னும் வேகமாக இழக்கும். சிமென்ட் தரையில் ஒரு கோணிச்சாக்கை மட்டும் விரிப்பது போதாது. நம்மிடம் நெல் வைக்கோல் இருக்கிறது, கால் புதையும் அளவுக்குப் போடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. மாடு நஞ்சு போடும் வரை கன்றுக்குப் பால் விடக் கூடாது என்று நம் ஊர்ப்பக்கம் இன்னும் சொல்கிறார்கள். நஞ்சு விழ எட்டு மணி நேரம் ஆகலாம், பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம். மார்கழி இரவில் அத்தனை நேரம் வெறும் வயிற்றோடு கிடக்கும் கன்றிடம் மிச்சமிருப்பது அந்தப் பழுப்புக் கொழுப்பு மட்டும்தான். கன்று மடியை முட்டிச் சப்பும்போது தாயின் உடம்பில் சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன், கருப்பையைச் சுருங்கவைத்து நஞ்சு விழவும் உதவுகிறது. ஆகவே காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. சீம்பால் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கம் எனக்கும் பிடிக்கும், சின்ன வயதில் வெல்லமும் ஏலக்காயும் போட்ட அந்தக் கட்டிச் சீம்பாலுக்காகக் காத்திருந்தவன்தான் நான். அதற்கு இரண்டாம் நாள் கறவையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கறவையை, கன்று விழுந்த இரண்டு மணி நேரத்துக்குள், கன்றுக்கே கொடுத்துவிடுங்கள்.